சாய்வு என்றால் என்ன? மலை ரயிலையும் ஆட்டோ மீட்டரையும் வைத்து ஒரு விளக்கம்

மேட்டுப்பாளையத்தில் புறப்படும் நீலகிரி மலை ரயில் கல்லாறு வரைக்கும் மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடுகிறது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பல் வெட்டிய இரும்புப் பட்டை தொடங்குகிறது. இன்ஜினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வித்தான் ரயிலை மேலே ஏற்றுகிறது. குன்னூர் வரை இந்த ஏற்பாடு. குன்னூருக்கு அப்புறம் ஊட்டி வரை பல் பட்டை கிடையாது. வெறும் சக்கரமும் தண்டவாளமும் போதுமாக இருக்கிறது.

அங்கேயும் மலைதானே, பாதை ஏறத்தானே செய்கிறது? நடுவில் மட்டும் எதற்குப் பல் பட்டை? இதற்கு விடை சொல்ல உயரம் மட்டும் தெரிந்தால் போதாது. தூரம் மட்டும் தெரிந்தாலும் போதாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணுக்குத்தான் கணக்கில் சாய்வு என்று பெயர்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 8 கிலோமீட்டர் போனால் கல்லாறு, உயரம் சுமார் 405 மீட்டர். 28-வது கிலோமீட்டரில் குன்னூர், சுமார் 1,712 மீட்டர். 46-வது கிலோமீட்டரில் ஊட்டி, சுமார் 2,203 மீட்டர். இப்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறது என்று வகுத்துப் பார்ப்போம்.

முதல் துண்டில் 8 கிலோமீட்டரில் 75 மீட்டர் ஏற்றம். கிலோமீட்டருக்கு 9 மீட்டர் சொச்சம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 20 கிலோமீட்டரில் 1,307 மீட்டர். கிலோமீட்டருக்கு 65 மீட்டர்! குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 18 கிலோமீட்டரில் 491 மீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 27 மீட்டர். பல் பட்டை ஏன் நடுத் துண்டில் மட்டும் இருக்கிறது என்பது இந்த மூன்று எண்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓரளவு ஏற்றத்தைத்தான் சமாளிக்கும். அதைத் தாண்டினால் வழுக்கும்.

சாய்வு என்பது இவ்வளவுதான்: பக்கவாட்டில் ஓர் அலகு நகர்ந்தால் உயரம் எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு. உயர மாற்றத்தைக் கிடைமட்ட மாற்றத்தால் வகுக்க வேண்டும். சூத்திரம் பின்னால் வரும். அதுவும் இந்த வகுத்தலைத்தான் எழுத்துகளில் சொல்கிறது. சூத்திரத்தை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு, எது மேலே, எது கீழே என்று பரீட்சை நேரத்தில் குழம்பும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கேள்வி கையில் இருந்தால் போதும்: ஓர் அடி நகர்ந்தால் எவ்வளவு ஏறுவேன்? கேள்வியிலேயே எதை எதால் வகுப்பது என்பதும் இருக்கிறது.

கணக்கில் கறாராக இருப்பவர்கள் இங்கே ஒரு சந்தேகம் கேட்பார்கள். ரயில் பாதையின் தூரம் சரிவின் மீது அளந்தது, கிடைமட்டமாக அளந்தது அல்லவே? சரியான கேள்வி. சரிவு இந்த அளவுக்கு இருக்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே என்பதால் இந்தக் கணக்கில் அதை விட்டுவிடலாம். செங்குத்தாக நிமிர நிமிரத்தான் அந்த வித்தியாசம் பெரிதாகும்.

இன்னொரு விஷயம். கிலோமீட்டருக்கு 65 மீட்டர் என்பது அந்த 20 கிலோமீட்டரின் சராசரி. அதே துண்டில் மிகக் கடுமையான இடத்தில் ஏற்றம் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வு. கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 83 மீட்டர், சதவீதத்தில் 8.33. வேறு சில இடங்களில் 65-க்குக் குறைவாக இருந்தால்தான் சராசரி 65-க்கு வரும். ஆக, இந்தப் பாதையில் எந்த இரண்டு இடங்களை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பாதை வளைந்து நெளிந்து ஏறுகிறது, அதனால் ஒரே எண்ணில் அடங்க மறுக்கிறது.

நேர்கோட்டின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. நேர்கோட்டில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் சாய்வு மாறாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளாக இருக்கட்டும், ஒன்று இந்த ஓரத்திலும் மற்றது அந்த ஓரத்திலும் இருக்கட்டும், ஒரே விடைதான். வரைபடத்தாளில் செய்து பார்க்கலாம். (2, 3), (6, 11) என்ற இரண்டு புள்ளிகளைக் குறித்து அளவுகோல் வைத்து இணையுங்கள். கிடைமட்டமாக 2-லிருந்து 6-க்கு 4 கட்டம். மேலே 3-லிருந்து 11-க்கு 8 கட்டம். 8-ஐ 4-ஆல் வகுத்தால் 2. அதே கோட்டில் (3, 5) என்ற புள்ளியும் இருக்கும். அதையும் (2, 3)-ஐயும் எடுத்தால் ஒரு கட்டம் நகர்வு, 2 கட்டம் உயர்வு. மறுபடியும் 2.

ஏன் மாறுவதில்லை? இரண்டு புள்ளிகளுக்கும் கீழே ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள்: அடிப்பக்கம் நகர்வு, நிற்கும் பக்கம் உயர்வு. பெரிய முக்கோணமும் சின்ன முக்கோணமும் வடிவொத்தவை, ஏனென்றால் கோணங்கள் எல்லாம் ஒன்றே. வடிவொத்த முக்கோணங்களில் பக்கங்களின் விகிதம் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் தனியாகப் படித்த முக்கோணப் பாடம் இப்படிக் கோட்டுப் பாடத்துக்குள் வந்து நிற்பது எனக்கு எப்போதும் பிடித்த இடம்.

சரி, இப்போது சூத்திரம். முதல் புள்ளி (எக்ஸ்₁, ஒய்₁), இரண்டாவது புள்ளி (எக்ஸ்₂, ஒய்₂) என்றால்,

சாய்வு = (ஒய்₂ − ஒய்₁) ÷ (எக்ஸ்₂ − எக்ஸ்₁)

எந்தப் புள்ளியை முதலாவது என்று வைப்பது? எதை வேண்டுமானாலும் வைக்கலாம். மேலே எடுத்த புள்ளிகளையே திருப்பிப் போட்டால் (3 − 11) ÷ (2 − 6) = −8 ÷ −4 = 2. அதே விடைதான். ஆனால் மேலே ஒரு வரிசை, கீழே வேறு வரிசை என்று கலந்துவிடக் கூடாது. (11 − 3) ÷ (2 − 6) என்று எழுதினால் −2 வரும். ஏறுகிற கோட்டை இறங்குகிற கோடு என்று சொன்னதாகிவிடும். விடைத்தாள்களில் அதிகம் மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். படத்தை ஒரு தடவை பார்த்து, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சரிபார்த்தால் தப்பிக்கலாம்.

சாய்வு மலைக்கும் மேட்டுக்கும் மட்டும் சொந்தமானது இல்லை. ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கேட்கக்கூடிய எல்லா இடத்திலும் அது வரும். 2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். கிடை அச்சில் தூரத்தையும் செங்குத்து அச்சில் கட்டணத்தையும் வைத்து வரைந்து பாருங்கள். முதல் 1.8 கிலோமீட்டர் வரை கோடு 25-லேயே படுத்திருக்கும். அரை கிலோமீட்டர் போனாலும் ஒன்றரை போனாலும் கட்டணம் மாறாது, அதனால் சாய்வு 0. அதற்கப்புறம் கோடு நிமிர்ந்து ஏற ஆரம்பிக்கும், சாய்வு 12.

ஐந்து கிலோமீட்டர் போனால் எவ்வளவு? 25 ரூபாயுடன் மீதி 3.2 கிலோமீட்டருக்கு 38 ரூபாய் 40 காசு, மொத்தம் 63.40. எட்டு கிலோமீட்டருக்கு இதே மாதிரி கணக்கிட்டால் 99.40. இரண்டுக்கும் வித்தியாசம் 36 ரூபாய், தூர வித்தியாசம் 3 கிலோமீட்டர். 36 ÷ 3 = 12. மீட்டரில் எழுதியிருக்கும் கட்டண விதி தெரியாத ஒருவர்கூட இரண்டு பயணங்களின் ரசீதை வைத்து அந்த 12-ஐக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் வழுக்குவது இங்கேதான். 63.40-ஐ 5-ஆல் வகுத்தால் 12.68 வருகிறது. 99.40-ஐ 8-ஆல் வகுத்தால் சுமார் 12.43. இரண்டும் 12 இல்லை, ஒன்றுக்கொன்று சமமாகவும் இல்லை. ஒரு புள்ளியின் ஒய்-ஐ அதன் எக்ஸ்-ஆல் வகுப்பது சாய்வு ஆகாது. சாய்வுக்கு மாற்றத்தை மாற்றத்தால் வகுக்க வேண்டும். கோடு ஆதிப்புள்ளி வழியாக, அதாவது (0, 0) வழியாகப் போனால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு கிலோ தக்காளி இவ்வளவு, இரண்டு கிலோ அதில் இரண்டு மடங்கு என்பது அப்படிப்பட்ட கோடு. ஆட்டோ கட்டணம் அப்படி இல்லை, ஆரம்பத்தில் ஒரு தொகை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த ஒட்டிக்கொண்ட தொகையைத் தனியாகப் பிரித்து எழுதலாம். 1.8 கிலோமீட்டருக்கு அப்பால் கட்டணம் = 12 × தூரம் + 3.40. (1.8-ஐ 12-ஆல் பெருக்கினால் 21.60, 25-லிருந்து அதைக் கழித்தால் 3.40.) பாடப்புத்தகத்தில் வரும் ஒய் = எம்எக்ஸ் + சி என்பதும் இதேதான். எம் என்பது சாய்வு, இங்கே 12. சி என்பது வெட்டுத்துண்டு, இங்கே 3.40, ஏறுகிற கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் ஒய் அச்சை அது வெட்டும் இடம். 3 ரூபாய் 40 காசு கொடுத்து யாரும் ஆட்டோவில் போகப் போவதில்லை, ஏனென்றால் தூரம் 1.8-க்குக் கீழே இருக்கும்போது வேறு விதி நடக்கிறது. சமன்பாடு எந்த எல்லைக்குள் செல்லும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஐம்பது சதவீதம் கூடுதல் என்பதும் அதே விதிப்பட்டியலில் இருந்தது. அப்போது 12 என்பது 18 ஆகிவிடும், 25 என்பது 37.50 ஆகிவிடும். பகல் கோட்டையும் இரவுக் கோட்டையும் ஒரே தாளில் வரைந்தால் இரவுக் கோடு மேலே தொடங்குவதோடு அதிகச் செங்குத்தாகவும் ஏறும். தூரம் கூடக் கூட இரண்டுக்கும் இடைவெளி அகலமாகிக்கொண்டே போகும். பிந்தைய விளைவுக்குக் காரணம் சாய்வு மாறியதுதான். எல்லாக் கட்டணத்திலும் வெறுமனே 10 ரூபாய் கூட்டியிருந்தால் கோடு அப்படியே மேலே நகர்ந்திருக்கும், இடைவெளி எங்கும் 10-ஆகவே நின்றிருக்கும். இணைகோடுகளுக்குச் சாய்வு சமம் என்று பாடத்தில் வருவதன் அர்த்தம் இது.

இதுவரை பார்த்தவை ஏறும் கோடுகள். சாய்வு எதிர்மறை எண்ணாக இருந்தால் கோடு இடமிருந்து வலமாகப் போகும்போது இறங்குகிறது. மலை மேலே போகப் போகக் குளிர்வது இதற்கு நல்ல உதாரணம். விமானப் பொறியியலில் பயன்படுத்தும் சர்வதேச நியம வளிமண்டலக் கணக்கில், கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ். மேலே போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறைகிறது. வெப்பநிலை = 15 − 6.5 × உயரம். சாய்வு −6.5. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1.87 கிலோமீட்டர். அதை 6.5-ஆல் பெருக்கினால் 12 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. கீழே சட்டை நனைய வியர்த்தவர்கள் மேலே போய் ஸ்வெட்டர் தேடுவதற்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியான விளக்கம்தான். மேகம், மழை, காற்றின் ஈரம் எல்லாம் நிஜ எண்ணைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் மாற்றும்.

அதே கணக்கில் 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 15 − 71.5, அதாவது −56.5 டிகிரி. அங்கிருந்து 20 கிலோமீட்டர் வரை வெப்பநிலை மாறாமல் −56.5-லேயே நிற்பதாக அந்த நியமம் வைத்துக்கொள்கிறது. கோடு அங்கே படுத்துவிடுகிறது, சாய்வு 0. சாய்வு பூஜ்யம் என்றால் வெப்பநிலை பூஜ்யம் என்று அர்த்தமல்ல, வெப்பநிலையின் மாற்றம் பூஜ்யம் என்று அர்த்தம். ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டரில் 25 ரூபாயாக நின்றதும் இதே கதை.

படுத்த கோட்டுக்குச் சாய்வு 0 என்றால் நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்கு? (4, 1), (4, 7) என்ற புள்ளிகளை எடுங்கள். உயர்வு 6, நகர்வு 0. 6-ஐ 0-ஆல் வகுக்க வேண்டும். எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினால் 6 கிடைக்கும்? அப்படி ஓர் எண் கிடையாது. அதனால் செங்குத்துக் கோட்டின் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்கிறோம். ‘முடிவிலி’ என்று சிலர் எழுதுவார்கள். பள்ளி அளவில் அதைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் முடிவிலியை ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு கூட்டல், கழித்தல் செய்யப் போய்விடுவோம். இந்தக் கோட்டை எக்ஸ் = 4 என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது; சாய்வின் உதவியே தேவையில்லை.

இனி கோணம். 12-க்கு 1 என்ற ஏற்றம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். மலை ரயில் என்றதும் இருபது, முப்பது என்று சொல்வார்கள். உண்மையில் 5 டிகிரிக்கும் குறைவு, சுமார் 4.8. சாய்வும் கோணமும் ஒன்றல்ல. கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புதான், அதாவது செங்கோண முக்கோணத்தில் அந்தக் கோணத்துக்கு எதிரே நிற்கும் பக்கத்தை அடிப்பக்கத்தால் வகுத்தால் வரும் எண்தான் சாய்வு. சதவீதம் 100 என்றால் சுவர் மாதிரி செங்குத்து என்று நினைப்பதும் தவறு. 100 சதவீதம் என்றால் 100 மீட்டர் நகர்வுக்கு 100 மீட்டர் உயர்வு, அது 45 டிகிரி. கோணம் 60 டிகிரிக்குப் போனால் சாய்வு 1.73. 89 டிகிரியில் அது 57-ஐத் தாண்டிவிடும். கடைசி ஒரு டிகிரிக்குள் சாய்வு எந்த எல்லைக்கும் கட்டுப்படாமல் ஏறுகிறது. 90-ல் வரையறை இல்லாமல் போவது ஏன் என்று இப்போது புரியும்.

5 டிகிரிக்குக் கீழ் இருப்பதால் 12-க்கு 1 லேசான ஏற்றம் என்றும் நினைத்துவிட வேண்டாம். சக்கர நாற்காலிக்காகக் கட்டும் சாய்தளங்கள் 12-க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பின்பற்றப்படும் அளவுகோல். ஒரு கட்டிடத்தின் வாசல் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் குறைந்தது 7.2 மீட்டர் நீளம் ஓட வேண்டும். இடம் இல்லை என்று சொல்லி இரண்டு, மூன்று மீட்டரில் முடித்துவிடும் சாய்தளங்களை நாம் தினமும் பார்க்கிறோம். மூன்று மீட்டரில் முடித்தால் சாய்வு 5-க்கு 1. தானாகவே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் அதில் ஏற முடியாது, இறங்கும்போது உருண்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. கட்டுவதற்கு முன் ஒரு வகுத்தல் செய்திருந்தால் தெரிந்திருக்கும். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் தங்கள் தெருவில் உள்ள வங்கி, பள்ளி, மருத்துவமனை வாசல்களை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

கோணத்தைப் பற்றிப் பேசியதெல்லாம் ரயில் பாதைக்கும் சாய்தளத்துக்கும் பொருந்தும், ஏனென்றால் அங்கே நகர்வும் உயர்வும் மீட்டர்தான். ஆட்டோ கட்டணக் கோடு எத்தனை டிகிரி என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கு 10 ரூபாய் என்று அளவு வைத்தால் கோடு விறைப்பாக ஏறும். 50 ரூபாய் என்று வைத்தால் அதே கோடு சோம்பலாக ஏறும். கட்டணம் மாறவில்லை, கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்பதும் மாறவில்லை, படம் மட்டும் மாறியிருக்கிறது. விலைவாசியோ வேலையின்மையோ விறுவிறுவென்று ஏறியதாகச் செய்தியில் ஒரு வரைபடம் காட்டினால், கோட்டின் நிமிர்வைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டு அச்சிலும் உள்ள எண்களைப் படித்து, இரண்டு புள்ளிகளை எடுத்து, நீங்களே வகுத்துப் பாருங்கள்.

கடைசியாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வெட்டும் கோடுகள். அவற்றின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும் என்று பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் படித்திருப்பீர்கள். பலருக்கு அது எங்கிருந்தோ வந்த விதி. ஒரு தாளைக் கையில் எடுத்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். 3 கட்டம் வலது பக்கம், 2 கட்டம் மேலே போகும் ஒரு கோட்டை வரையுங்கள். சாய்வு 2/3. இப்போது தாளை இடப்பக்கமாகக் கால் சுற்று, அதாவது 90 டிகிரி திருப்புங்கள். வலது பக்கம் போன 3 கட்டம் இப்போது மேல்நோக்கிப் போகும். மேலே போன 2 கட்டம் இப்போது இடது பக்கம் போகும். ஆக, உயர்வு 3, நகர்வு −2. சாய்வு −3/2. நகர்வும் உயர்வும் இடம் மாறிக்கொண்டன, ஒன்றின் குறி மாறியது. 2/3-ஐ −3/2-ஆல் பெருக்கினால் −1. எந்த எண்களை வைத்துச் செய்தாலும் இதேதான் நடக்கும். இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

படுத்த கோட்டைத் திருப்பினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்டால், சரியான இடத்தில்தான் சந்தேகம் வந்திருக்கிறது. அது நிமிர்ந்து நின்றுவிடும், அதற்குச் சாய்வு கிடையாது. இரண்டும் செங்குத்தாகத்தான் வெட்டுகின்றன, ஆனால் பெருக்குவதற்கு ஒரு பக்கம் எண்ணே இல்லை. அந்த ஜோடிக்கு மட்டும் பெருக்கல் விதி செல்லாது; ஒன்று ஒய் = 2 என்றும் மற்றது எக்ஸ் = 4 என்றும் எழுதியிருந்தால், கணக்குப் போடாமலே செங்குத்து என்று விடை எழுதிவிடலாம்.